இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால்: விபத்துக் கிளைம் மறுப்பை எதிர்த்து நிற்கும் வழி

அடிபட்ட வண்டி பட்டறையில் நிற்கிறது. எஸ்டிமேட் போட்டாயிற்று, சேதத்தை மதிப்பிடும் சர்வேயரும் வந்து படம் எடுத்துப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வருகிறது: உங்கள் கிளைம் ஏற்கப்படவில்லை. பெரும்பாலானவர்கள் அந்தக் கடிதத்தை முழுதாகப் படிப்பதில்லை. ஏஜென்ட்டுக்குப் போன் போடுவார்கள், கிளை அலுவலகத்தில் போய்ச் சத்தம் போடுவார்கள், கடைசியில் வட்டிக்கு வாங்கி வண்டியை எடுத்து ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். வழக்கின் பாதி அந்த ஒற்றைத் தாளில்தான் கிடக்கிறது. அதைப் பொறுமையாகப் படித்தாலே அடுத்து என்ன செய்வதென்று தெரிந்துவிடும்.

முதலில் அது என்ன கடிதம் என்று பாருங்கள். ‘ஆவணங்கள் வந்து சேராததால் நோ கிளைம் என்று ஃபைலை மூடுகிறோம்’ என்பது ஒரு வகை. ‘பாலிசி நிபந்தனை மீறப்பட்டதால் நிராகரிக்கிறோம்’ என்பது வேறு வகை. முதல் வகைக்குச் சண்டை தேவையில்லை. ஆவணம் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிளைமை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை சொல்கிறது. விபத்தைத் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில்தான் இருக்கிறது. எந்தத் தேதியில் எந்தத் தாளைக் கொடுத்தீர்கள் என்று வரிசையாக எழுதி, நகல்களை மறுபடி இணைத்து, ஃபைலைத் திறக்கச் சொல்லி மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பினால் இந்த வகை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டாவது வகை என்றால் காரணத்தையும் நிபந்தனை எண்ணையும் அடிக்கோடிடுங்கள். கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைக் கம்பெனி பிறகு வழக்கில் கொண்டுவர முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் எதிர் நேஷனல் இன்சூரன்ஸ் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் அந்தத் தாளில் எழுதியிருக்கும் காரணத்துக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். நாமாகப் பத்துப் பக்கம் எழுதி, அவர்கள் கேட்காத ஓட்டைகளை எடுத்துக் கொடுக்க வேண்டாம். வாய்மொழியாக ‘உங்க கிளைம் நிக்காது சார்’ என்று சொல்லி அனுப்பினால் ஏற்காதீர்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறீர்கள், எழுத்தில் கொடுங்கள் என்று அன்றே மின்னஞ்சல் போடுங்கள்.

கூடவே சர்வே அறிக்கையின் நகலையும், தனியார் விசாரணையாளரை அனுப்பியிருந்தால் அவருடைய அறிக்கையையும் கேளுங்கள். அரசுத் துறைக் கம்பெனியாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். சர்வேயர் சொல்வது முக்கியமான சான்று, ஆனால் அதுவே இறுதி வார்த்தை அல்ல என்று நியூ இந்தியா எதிர் பிரதீப் குமார் வழக்கில் 2009-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. சர்வேயர் 60,000 போட்டு, பட்டறை ரசீது 1,10,000 என்றால், எந்தப் பாகத்தை அவர் விட்டார், ஏன் விட்டார் என்று வரிக்கு வரி ஒப்பிட்டு ஒரு தாள் தயார் செய்யுங்கள்.

இனி காரணங்களுக்கு வருவோம். கம்பெனி எந்த மீறலைச் சொன்னாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த மீறல் உண்மையா? உண்மையென்றால் விபத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? மீறலை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது.

மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு விடியற்காலையில் பூவும் காய்கறியும் ஏற்றிவரும் குட்டியானை வண்டிகளில் அதிகம் சொல்லப்பட்ட காரணம், டிரைவரிடம் இருப்பது சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ், பேட்ஜ் எனப்படும் டிரான்ஸ்போர்ட் அனுமதி இல்லை என்பது. இது இப்போது நிற்காது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம், தனியாக டிரான்ஸ்போர்ட் அனுமதி வேண்டாம் என்று 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் வந்த தீர்ப்பை, 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. குட்டியானையும் பிக்கப் வண்டிகளும் அந்த எல்லைக்கு வெகு கீழே. ஆர்.சி.யில் ‘மொத்த எடை’ என்ற கட்டத்தைப் பாருங்கள். காலி எடை வேறு, இது வேறு. பெட்ரோல், கேஸ் போன்ற அபாயச் சரக்கு ஏற்றும் வண்டிக்கும் இ-ரிக்‌ஷாவுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது.

அதே வண்டிகளுக்குப் பெர்மிட் இல்லை என்றும் மறுப்பு வருவதுண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவுப்படி மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே தேவையில்லை. பல உரிமையாளர்களுக்கே இது தெரியாது. பெர்மிட் எடுக்காதது தங்கள் தப்பு என்று தலையைத் தொங்கப்போட்டு நிற்பார்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) விஷயம் அப்படி இல்லை. 56-ஆம் பிரிவின்படி எஃப்.சி. காலாவதியான வாடகை வண்டி, பதிவே இல்லாத வண்டிக்குச் சமம். அங்கே கம்பெனியின் கை ஓங்கித்தான் இருக்கும். லைசென்ஸ் காலாவதியும் அப்படியே: முன்பு இருந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தோடு போய்விட்டது. ஆனால் கம்பெனி ஆன்லைனில் பார்த்ததை மட்டும் நம்பி ‘லைசென்ஸ் இல்லை’ என்று எழுதியிருந்தால், லைசென்ஸ் வழங்கிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எக்ஸ்ட்ராக்ட் (லைசென்ஸ் பதிவின் சான்று நகல்) வாங்குங்கள். பழைய அட்டை லைசென்ஸ்கள் கணினியில் சரியாக ஏறாமல் கிடப்பதுண்டு. டி.என். 58, 59, 64 என்று மதுரைக்கே மூன்று எண்கள் இருப்பதால், எந்த அலுவலகம் வழங்கியது என்று பார்த்துப் போங்கள்.

அடுத்தது யார் ஓட்டினார்கள் என்பது. கிளைம்களை அதிகம் சாகடிப்பது இதுதான். நாலுவழிச் சாலையில் திருமங்கலம் தாண்டி விபத்து. அடிபட்டவரின் உறவினர் ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறார். ஏட்டையா ‘ஓட்டுநர் பெயர் தெரியாது’ என்றோ, வண்டி உரிமையாளரின் பெயரையே ஓட்டுநர் என்றோ எழுதிவிடுகிறார். கிளைம் படிவத்தில் ஓட்டியது மகன் என்று இருக்கிறது. கம்பெனி ‘ஓட்டுநரை மாற்றிவிட்டார்கள்’ என்று மறுக்கிறது. உண்மை உங்கள் பக்கம் இருந்தால் எஃப்.ஐ.ஆரைக் கண்டு அஞ்ச வேண்டாம், அது முதல் தகவல் மட்டுமே. விசாரணை முடிந்து போலீஸ் போடும் குற்றப்பத்திரிகையில் ஓட்டுநர் பெயர் இருக்கும். அதன் நகலுக்கு நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்குங்கள். அது வர நாளாகும் என்றால், உண்மையில் ஓட்டியவர் யார் என்று ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புதல் அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டியவர் காயத்துக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி இருக்கும். அதில் ‘கார் ஓட்டி வந்தபோது’ என்ற ஒரு வரி இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். வண்டியைச் சோதித்த பிரேக் இன்ஸ்பெக்டரின் (மோட்டார் வாகன ஆய்வாளரின்) அறிக்கையையும் வாங்குங்கள். இயந்திரக் கோளாறால் விபத்து நடக்கவில்லை என்று அதில் இருந்தால், பராமரிப்புக் குறை என்ற வாதமும் அடைபட்டுப் போகும்.

இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டினான் என்பதற்காக மாமா பெயரைக் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் சொன்னாலும், பட்டறைக்காரர் சொன்னாலும் வேண்டாம். செல்போன் டவர், கப்பலூர் டோலின் கேமரா, மருத்துவமனைச் சீட்டு, எதிர்தரப்புச் சாட்சி என்று எத்தனையோ வழியில் அது வெளியே வரும். வந்தால் கிளைம் போவதோடு மோசடி வழக்கும் வரும்.

விசாரணையாளர் வீட்டுக்கு வருவார். நன்றாகத்தான் பேசுவார். ‘அண்ணே, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி’ என்று ஆங்கிலத்தில் எழுதிய தாளிலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். நடந்ததை நீங்களே தமிழில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, கொடுக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம், இடம், வண்டியில் இருந்தவர்கள், யார் ஓட்டினார்கள்: இந்த நான்கும் கிளைம் படிவத்திலும் இதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நேரம் நிச்சயமில்லை என்றால் ஃபாஸ்டேக் கணக்கை எடுத்துப் பாருங்கள். எந்த டோலை எத்தனை மணிக்குக் கடந்தீர்கள் என்று நிமிடக் கணக்கில் இருக்கும்.

மது அருந்தியிருந்தார் என்ற மறுப்பில் தெளிவோடு இருக்க வேண்டும். சட்டம் சொல்லும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ரத்தப் பரிசோதனையே எடுக்கவில்லை, அதனால் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது. இஃப்கோ டோக்கியோ எதிர் பெர்ல் பெவரேஜஸ் வழக்கில் 2021-இல் சூழ்நிலைச் சான்றுகளை வைத்தே கம்பெனி ஜெயித்தது. அதே சமயம் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஏ.ஆர். பதிவேட்டில் ‘மது வாடை’ என்று மட்டும் எழுதியிருந்து, நடை, பேச்சு, கண்மணி பற்றி ஒரு குறிப்பும் இல்லை, விபத்தும் எதிரே வந்த லாரி தடம் மாறியதால் நடந்தது என்றால் கட்டாயம் வாதாடலாம்.

சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டியது, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது போன்ற மீறல் உண்மையாகவே நடந்திருந்தாலும் கை முழுதும் காலியாகாது. அமலேந்து சாஹூ எதிர் ஓரியண்டல் வழக்கில் 2010-இல் ஏற்கப்பட்ட ‘நான் ஸ்டாண்டர்ட்’ முறைப்படி, பயன்பாட்டு நிபந்தனை மீறலிலும் அதிக பாரத்திலும் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தரலாம். அழகர் திருவிழாவுக்கு எட்டுப் பேர் போக வேண்டிய வண்டியில் பதினோரு பேர் போனார்கள், பின்னால் வந்த பஸ் மோதியது என்றால், கூடுதல் மூன்று பேருக்கும் மோதலுக்கும் என்ன தொடர்பு? 1996-இல் பி.வி. நாகராஜு வழக்கிலும் 2016-இல் லக்மி சந்த் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கேட்டது இதைத்தான். அதனால் மறுப்புக்குப் பதில் எழுதும்போது, ‘முழுத் தொகை, அதற்கு வழியில்லையெனில் நான் ஸ்டாண்டர்ட் அடிப்படையில் 75 சதவீதம்’ என்று மாற்றுக் கோரிக்கையையும் சேர்த்தே கேளுங்கள். கேட்காவிட்டால் பல நேரம் யாரும் தானாகத் தரமாட்டார்கள்.

தாமதமாகச் சொன்னீர்கள் என்பதற்கு, நியாயமான காரணமும் அதற்கு ஒரு தாளும் இருந்தால் போதும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டே சரியான பதில். தாமதத்தைத் தவிர வேறு குறை இல்லாத நேர்மையான கிளைமை எந்திரத்தனமாக மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே கம்பெனிகளுக்கு எழுதிவிட்டது. புகைச் சான்றிதழ் இல்லை என்பதும் மறுக்கக் காரணமாகாது. இதை ஆணையமே 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது.

பழைய வண்டி வாங்கியவர்களுக்கு வேறு கதை. ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டது, பாலிசி பழைய உரிமையாளர் பெயரில் கிடக்கிறது என்றால் தேர்ட் பார்ட்டி பொறுப்பு (பிறருக்கு நேரும் சேதத்துக்கான பகுதி) தானாக வந்து சேரும், வண்டிச் சேதத்துக்கான பகுதி வராது. பெயர் மாற்ற 14 நாள்தான் அவகாசம். இந்த மறுப்பை உடைப்பது கடினம். மாற்றக் கோரி மனுக் கொடுத்த சான்று இருந்தால் மட்டும் முயலுங்கள். நோ கிளைம் போனஸை (கிளைம் கேட்காத வருடத்துக்கான பிரீமியத் தள்ளுபடியை) முந்தைய கிளைமை மறைத்து வாங்கியிருந்தாலும் பலவீனம்தான். ஆனால் முந்தைய கம்பெனியிடம் எழுதிக் கேட்டு உறுதி செய்யும் பொறுப்பு புதுக் கம்பெனிக்கும் இருந்தது என்று வாதாடி, அந்தத் தள்ளுபடி விகிதத்தை மட்டும் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பார்க்கலாம்.

ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கிராமத்து ரோட்டில் கல் அடித்து சம்ப் உடைகிறது; ஆயில் ஒழுகுவது தெரியாமல், அல்லது தெரிந்தும், பட்டறை வரை ஓட்டிப் போகிறார்கள்; எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. கம்பெனி சம்புக்கு மட்டும் காசு தரும். எஞ்சின் சேதம் விபத்தால் நேரவில்லை, அதன் பின் ஓட்டியதால் வந்தது என்பது அவர்கள் வாதம், பாலிசி வாசகமும் அதற்கு இடம் தருகிறது. மழைநீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து எஞ்சின் உடைவதும் இதே வகை. ஆயில் விளக்கு எரிந்தாலோ வண்டி தண்ணீரில் நின்றாலோ சாவியைத் திருப்பாமல் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். எஞ்சினுக்கான தனி ஆட்-ஆன் (கூடுதல் பாதுகாப்பு) எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசி அட்டவணையைப் பாருங்கள்.

முழு மறுப்பு இல்லை, தொகைதான் குறைவு என்றால் முதலில் கணக்கைச் சரிபாருங்கள். தேய்மானக் கழிவு இல்லாத ஆட்-ஆன் எடுக்காத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயருக்கு 50 சதவீதம் கழியும். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புப் பாகத்துக்கு வண்டி வயதைப் பொறுத்து: நான்கு முதல் ஐந்து வருடத்தில் 35, ஐந்து முதல் பத்து வருடத்தில் 40 சதவீதம். கூலியில் கழிக்கக் கூடாது. பெயின்டிங் ரசீது மொத்தமாக இருந்தால் அதில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து, அந்தக் கால் பங்கில் பாதியை மட்டும் கழிக்க வேண்டும். நாலரை வருடக் கார், வரி தவிர்த்து பம்பர் 8,000, கதவு 10,000, கண்ணாடி 6,000, பெயின்டிங் 12,000, கூலி 9,000 என்று மொத்தம் 45,000 ரூபாய் ரசீது என்று வையுங்கள். முறையே 4,000, 6,500, 6,000, 10,500, 9,000 என 36,000 வரும். 1,500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 போக 35,000 கைக்கு வர வேண்டும். பெயின்டிங் முழுத் தொகையிலும் பாதியைக் கழித்திருந்தால் 4,500 ரூபாய் குறையும். அந்தத் தவற்றைச் சுட்டி ஒரு கடிதம் போட்டாலே திரும்பி வரும்.

குறைந்த தொகைக்கு ‘முழுமையும் இறுதியும்’ என்று வவுச்சர் நீட்டினால், ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன், மீதியைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று எழுதியே கையெழுத்திடுங்கள். வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே உரிமை போய்விடாது என்று ஆணையம் சொல்லியிருக்கிறது, இருந்தாலும் அந்த ஒரு வரி பின்னால் பெரும் வாதத்தை மிச்சப்படுத்தும்.

பதில் தயாரானதும் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். பாலிசி எண், கிளைம் எண், மறுப்புக் கடிதத் தேதி, காரணத்துக்கான பதில், இணைப்புகள், கேட்கும் தொகை என்று ஒன்றரைப் பக்கம் போதும். அதே புகாரை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையத்தின் பீமா பரோசா இணையத் தளத்திலும் பதியுங்கள். 155255 என்ற எண்ணில் போனிலும் பதியலாம். ஆணையம் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லாது, கம்பெனியைப் பதில் சொல்ல வைக்கும், அவ்வளவுதான்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுபடி மறுப்பு என்றால் இரண்டு கதவுகள். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் காத்திருக்க வேண்டியிருக்கும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஓம்புட்ஸ்மன் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) எடுக்கமாட்டார். தமிழ்நாடு முழுமைக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் அனுமதி இல்லை, மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் ஆன்லைனிலேயே மனுச் செய்யலாம், 50 லட்சம் ரூபாய் வரை அதிகாரம் உண்டு. அவர் தரும் அவார்டு கம்பெனியைக் கட்டும், நம்மைக் கட்டாது, பிடிக்கவில்லையென்றால் பிறகு நுகர்வோர் ஆணையம் போகலாம். பேட்ஜ், பெர்மிட், புகைச் சான்று, தேய்மானக் கணக்கு என்று தாளைக் காட்டியே முடிக்கக்கூடிய சண்டைக்கு முதலில் ஓம்புட்ஸ்மன்தான் நல்லது. யார் ஓட்டினார், குடித்திருந்தாரா என்று சாட்சியை விசாரிக்க வேண்டிய சண்டையை நேரே நுகர்வோர் ஆணையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

அங்கே இரண்டு வருடக் கெடு. மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து எண்ணுங்கள். அதன் பிறகு நீங்கள் எத்தனை நினைவூட்டல் கடிதம் போட்டாலும் கெடு நீளாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் சரி. கட்டணத்தைக் கேட்கும் தொகையை வைத்து அல்ல, செலுத்திய பிரீமியத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. எனவே வண்டிப் பாலிசிக்கு ஒரு ரூபாய்கூட வராது. ‘வியாபார வண்டி, இவர் நுகர்வோரே அல்ல’ என்று கம்பெனி சொன்னால், நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் ஹர்சோலியா மோட்டார்ஸ் என்ற 2023 தீர்ப்பைக் காட்டுங்கள். நஷ்டத்தை ஈடுகட்டப் பாலிசி எடுப்பது வியாபார நோக்கம் ஆகாது. கம்பெனி பதில் தாக்கல் செய்ய 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் கிடையாது.

போன் படம், சி.சி.டி.வி. பதிவு வைப்பதென்றால் 2023-இன் புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும். கடைக் கேமராப் பதிவுகள் சில நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால் விபத்து நடந்த வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். பட்டறையில் மாற்றிய பழைய பாகங்களை வழக்கு முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள், ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருக்கட்டும். கைக்காசில் வண்டியை எடுப்பதாக இருந்தால், ‘இந்தத் தேதியில் வேலையைத் தொடங்குகிறோம், மறு சர்வே வேண்டுமானால் அதற்குள் வாருங்கள்’ என்று கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டே பிரிக்கச் சொல்லுங்கள்.

தீர்ப்பு சாதகமாக வந்தும் பணம் வராவிட்டால், மேல்முறையீட்டுக்கான 45 நாள் முடிந்ததும் அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடுங்கள். 71-ஆம் பிரிவில் தொகையை வசூலிக்கலாம், 72-ஆம் பிரிவில் தண்டனை கேட்கலாம். கம்பெனி மேல்முறையீடு போனால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அதை எதிர்த்துப் பேச நீங்கள் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, மாநில ஆணையத்தின் அமர்வு மதுரையிலேயே இருக்கிறது.